கொண்டலாத்தியின் வாலடி வைத்தியர்கள்

காட்டோரத்து இலுப்பை மரத்தில் இரண்டு பொந்துகள் இருந்தன. மேல் பொந்தில் ஒரு கிளி அடைகாத்தது. கீழ்ப் பொந்தில் ஒரு கொண்டலாத்தி அடைகாத்தது. விசிறி போன்ற கொண்டையுடன் பார்க்க அழகான பறவைதான். ஆனால் முட்டையிட்ட நாள் முதல் அதன் மேல் அப்படி ஒரு நாற்றம்!

“அக்கா! உன் வீட்டில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா?” என்று கிளி கேட்டது. “என் வீட்டுக்காரரால் பழத்தைக் கூட நிம்மதியாகத் தின்ன முடியவில்லையே!”

கொண்டலாத்திக்கு அவமானமாகப் போயிற்று. ஆற்றோரம் பறந்து போய், வாலடியில் இருக்கும் எண்ணெய்ப் பையை மணலில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தது.

“ஐயோ, மெதுவாக!” என்று பைக்குள்ளிருந்து குரல்கள் கேட்டன.

“யார் அது?”

“நாங்கள் பாக்டீரியாக்கள்! உன் கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்.”

“இந்த நாற்றம் உங்கள் வேலையா?”

“எங்கள் வேலைதான்! இந்தப் பையில் உட்கார்ந்து, நீ முட்டைகளில் பூசும் எண்ணெயில் மருந்து தயாரிக்கிறோம். முட்டையை அழுகவைக்கும் கிருமிகளை அது கொல்லும். மருந்து என்றால் மல்லிகைப் பூ மாதிரியா மணக்கும்?”

“மருந்தும் வேண்டாம், நாற்றமும் வேண்டாம்!” என்றது கொண்டலாத்தி. பொந்துக்குத் திரும்பியதும் முட்டைகளில் பூசியிருந்த எண்ணெயை இலையால் துடைத்துவிட்டது. அதன் பிறகு பூசவே இல்லை.

மூன்றாம் நாள் கோடை மழை கொட்டியது. பொந்துகள் இரண்டும் ஊறிப் போயின. மறுநாள் வெயிலில் உள்ளே ஒரே புழுக்கம். கொண்டலாத்தி முட்டைகளைப் புரட்டிப் பார்த்தது. ஒன்றின் ஓட்டில் கறுப்பாகப் பூஞ்சைப் புள்ளி! உடனே வாலடிப் பக்கம் தலையைத் திருப்பிக் கூப்பிட்டது.

“குடித்தனக்காரர்களே, இருக்கிறீர்களா?”

“இருக்கிறோம். கோபமாக இருக்கிறோம்!”

“கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மருந்தைக் கொடுங்கள்!”

அலகால் எண்ணெயை வழித்து, ஐந்து முட்டைகளுக்கும் அப்பியது. அப்போது மேலே கிளி விசும்பும் சத்தம் கேட்டது.

“அக்கா! என் முட்டை ஒன்று அழுகிவிட்டது. மிச்சம் மூன்றுதான். கீழே நீங்கள் மருந்தைப் பற்றிப் பேசியது என் காதில் விழுந்தது. உன் எண்ணெயில் துளி கிடைக்குமா?”

“வாடை அடிக்குமே, தங்கச்சி! உன் வீட்டுக்காரர் எப்படிப் பழம் தின்பார்?”

“அவர் வெளியே போய்த் தின்னட்டும்!”

கொண்டலாத்தி சிரித்துவிட்டது. உடனே மேல் பொந்துக்குப் போய், அந்த மூன்று முட்டைகளுக்கும் பூசிவிட்டது.

சில நாட்களில் எட்டுக் குஞ்சுகளும் பொரித்து வெளியே வந்தன. எல்லாம் ஒன்றுபோல் நாறின. அம்மாக்கள் இரண்டு பேரும் அவற்றைக் கட்டிக்கொண்டு கொஞ்சினார்கள்.

முகம் சுளிக்க வைக்கிறதே என்று ஒன்றை ஒதுக்கித் தள்ளுமுன், அது நமக்குச் செய்யும் நன்மை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.