முள்ளம்பன்றி சுட்ட கருணைக்கிழங்கு அடை

மூங்கில் காட்டின் ஓடைக்கரையில் வஞ்சி என்னும் முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. வேடன் வைத்த கண்ணியில் சிக்கியதால் அதன் பின்னங்கால் ஊனமாகிவிட்டது. முன்போல் அலைந்து இரை தேட இயலவில்லை. மழைக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

வஞ்சி யோசித்தது. வளைக்கு அருகிலேயே கருணைக்கிழங்கு ஏராளமாய் விளைந்து கிடந்தது. அதை வேகவைத்து மசித்து, வீட்டிலேயே அடை சுட்டு விற்றால் என்ன? வாங்குவோர் தினையோ கொட்டையோ கொண்டுவந்து கொடுக்கட்டும். மழை ஓயும்வரை குட்டிகளின் வயிறு காயாது.

அடை சுட்டதும், சுவை பார்க்க அக்கம்பக்கத்தாரை அழைத்தது. கொண்டையன் என்னும் குரங்கு முதலில் ஒரு வாய் கடித்தது. அதன் கண்கள் பிதுங்கின.

“எப்படி இருக்கிறது, அண்ணே?” என்று ஆவலோடு கேட்டது வஞ்சி. ஆவல் மிகுந்தாலும் கோபம் மிகுந்தாலும் அதன் முதுகு முட்கள் தாமே நிமிர்ந்துவிடும். இப்போதும் நிமிர்ந்தன.

கொண்டையன் அந்த முட்களைப் பார்த்தது. “அ... அருமை, தங்கச்சி! இதைத் தொழிலாகவே தொடங்கிவிடு” என்று சொல்லிவிட்டு ஓடையை நோக்கி ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தது.

“அமிர்தம், அக்கா” என்றது முயல். அதுவும் ஓடைக்கு ஓடியது.

“பார்த்தீர்களா, பிள்ளைகளே? காடெல்லாம் சொல்வதற்கு எப்படி ஓடுகிறார்கள்!” என்று வஞ்சி பூரித்துப்போயிற்று.

மறுநாள் வாசலில் அடைகளைக் கோபுரமாய் அடுக்கியது. ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மேற்கே கருமேகம் திரண்டது. தானியக் குழியோ வெறுமையாய்க் கிடந்தது.

அவ்வழியே போன கொண்டையனை வஞ்சி மறித்தது. “அடை வேண்டாமா, அண்ணே?”

“இன்று விரதம், தங்கச்சி.”

“அப்படியானால் வாயில் மெல்லுவது?”

“இதுவா? விரதப் பழம்” என்று சொல்லி மரத்தில் தாவி மறைந்தது குரங்கு.

அன்று மாலை மருதாயி என்னும் ஆமை சிறிது தினையோடு வந்தது. ஒரு துண்டைக் கடித்தது, உடனே துப்பியது.

“தொண்டையெல்லாம் காறுகிறதே! இதையா விற்கிறாய், வஞ்சி?”

வஞ்சியின் முட்கள் சடசடவென்று நிமிர்ந்தன. மருதாயி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

“வேண்டுமானால் என்னைக் குத்து. உள்ளேயிருந்தே சொல்கிறேன், காறத்தான் செய்கிறது.”

“எனக்குக் காறவில்லையே?”

“பச்சைக் கிழங்கைத் தின்றே வளர்ந்த தொண்டை உன்னுடையது. புளி சேர்த்து வேகவைத்தாயா?”

“இல்லை. ஆனால் எல்லாரும் அருமை என்றார்களே?”

“உன் முதுகைத் திரும்பிப் பார். எனக்கு இந்த ஓடு இல்லையென்றால் நானும் அமிர்தம் என்றுதான் சொல்லியிருப்பேன்.”

வஞ்சி திரும்பிப் பார்த்தது. தன் முட்களைக் கண்டு தானே நாணியது. அவை மெல்லப் படிந்தன.

மறுநாள் கிழங்கைப் புளி சேர்த்து வேகவைத்து, புதிதாய் அடை சுட்டது. பிறகு முதுகை வளைக்குள் நுழைத்துக்கொண்டு முகத்தை மட்டும் வெளியே நீட்டி அமர்ந்தது. “குறை இருந்தால் கூசாமல் சொல்லுங்கள்” என்று மீண்டும் அனைவரையும் அழைத்தது.

கொண்டையன் தயங்கித் தயங்கிக் கடித்தது. முட்கள் எங்கும் தென்படவில்லை. அதற்குத் துணிவு பிறந்தது.

“காறல் போய்விட்டது, தங்கச்சி. ஆனால் உப்புக் கொஞ்சம் தூக்கல்.”

வளைக்குள் சடசடவென்று ஓசை எழுந்தது. கூரை மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

“அது என்ன சத்தம்?”

“ஒன்றுமில்லை, அண்ணே. மேலே சொல்லுங்கள்” என்றது வஞ்சி, பல்லைக் கடித்தபடி.

கொண்டையன் மேலே சொல்லிற்று: ஓரம் கருகியிருக்கிறது, நடுவில் வேகவில்லை, அளவும் சிறிது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஒரு கை நிறையக் கொட்டையைக் கொடுத்து இரண்டு அடை கேட்டது. வஞ்சி ஒவ்வொரு குறையாய்த் திருத்தியது. முதல் மழை கொட்டிய நாளில் தானியக் குழி நிறைந்திருந்தது. குட்டிகள் வயிறார உண்டு உறங்கின.

குறையைச் சொல்ல வருபவர் அஞ்சாதபடி தம் சினத்தை அடக்கிக் கேட்பவரே, தொடங்கிய தொழிலில் நிலைத்து வாழ்வர்.