பம்பரின் அடியில் மூன்று துளை

அமலோற்பவத்தின் பட்டறையில் தொழில் பழக வந்தபோது ஒச்சப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. கற்றுக்கொடுத்தவளுக்கு முப்பத்தெட்டு. போடியிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில், கடைசி வீடுகளையும் தாண்டி இருந்தது பட்டறை. காட்டுப் பாதையில் ஓடும் ஜீப்புகளுக்குக் கனத்த பம்பர் செய்து மாட்டுவதுதான் அங்கே வேலை.

ஒச்சப்பன் அதிகம் பேசமாட்டார். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து, சுவரைப் பார்க்க உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் மனைவி பஞ்சவர்ணம் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மலைத்தோட்டத்தில் உடம்புக்கு முடியாமல் போனவளை ஜீப்பில் கீழே கொண்டு வந்தபோது வண்டி மேல் மரம் விழுந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, தன் ஜீப்பையே பட்டறைக்கு ஓட்டி வந்தார்.

“இதுக்கு நானே ஒரு பம்பர் செய்யணும் தாயி. மேல, காட்டை ஒட்டின ஏலத்தோட்டத்துல காவல் வேலை கிடைச்சிருக்கு. ஒத்தை ஆளு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா இறங்கினாப் போதும்.”

“அங்க ஆள் நடமாட்டமே கிடையாதேண்ணே?”

“அதுக்காகத்தான் போறேன்.”

அவள் கையுறையைக் கழற்றினாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லு தாயி. எவ்வளவு கனத்துல போட்டா, எது குறுக்க கெடந்தாலும் வண்டி நிக்காமப் போகும்?”

அமலோற்பவம் அவரைப் பின்பக்கச் சுவருக்குக் கூட்டிப் போனாள். இரண்டு பழைய பம்பர்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் பெயிண்ட் உரிந்து, நடுவில் நசுங்கி, ஊரெல்லாம் இடி வாங்கியது போல் இருந்தது. மற்றது கறுப்பாக மின்னியது. வெல்டிங் வைத்து ஒட்டிய இடமே தெரியவில்லை.

“எதை எடுப்பீங்க?”

அவர் மின்னியதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். “இதைத்தான்.”

அவள் சுத்தியலை நீட்டினாள். “தட்டிப் பாருங்க.”

அவர் மெதுவாகத்தான் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாகத் துருப்பிடித்த செதில்கள் பொலபொலவென்று அவர் காலில் கொட்டின.

“எவன் செஞ்ச வேலை இது?”

“நான்தான். தொழிலுக்கு வந்த புதுசுல. இண்டு இடுக்கு இல்லாம, பெட்டி மாதிரி நாலு பக்கமும் அடைச்சேன். பாக்க அழகா இருந்துச்சு. ரெண்டு மழைக்காலம் கழிச்சு, பள்ளத்துல இறங்கின வண்டியை இதுல சங்கிலி மாட்டி இழுத்திருக்காங்க. மாட்டின இடத்தோட பிஞ்சு வந்துருச்சு.”

“வண்டி?”

“உருண்டுருச்சு. ஓட்டினவருக்கு ஒரு கால் போச்சு.”

இதைச் சொல்லும்போது அவள் அந்தப் பம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே ஒச்சப்பன் வேலையைத் தொடங்கினார். ஆறு எம்.எம். தகடு கேட்டார். வண்டியின் முன்பக்க ஸ்பிரிங் பட்டை கனம் தாங்காமல் உட்கார்ந்துவிடும், நாலு போதும் என்றாள். நான்கு நாள், காலை முதல் சாயங்காலம் வரை வெட்டினார், வளைத்தார், ஒட்டினார். ஒட்டின இடத்தைக் கிரைண்டர் போட்டு வழவழவென்று தேய்த்தார். துருப் பிடிக்காமலிருக்க வெளியே ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்தார். நான்கு நாளில் அவர் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெள்ளிக்கிழமை காலை, கறுப்பு அடிப்பதற்கு முன்னால், அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“காத்துகூடப் புகாது தாயி.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

அவள் பம்பரைக் கவிழ்த்துப் போட்டாள். டிரில்லை எடுத்து இடது ஓரத்தில் வைத்து அழுத்தினாள். இரும்புச் சுருள் சுழன்று விழுந்தது.

“ஐயோ, என்ன பண்ற!” ஒச்சப்பன் அவள் கையைப் பிடிக்க வந்தார். “நாலு நாள் பாடுபட்டிருக்கேன்!”

“எப்படி அடைச்சாலும் உள்ள ஈரம் போகும்ணே. அது போறதைத் தடுக்க முடியாது. வெளிய வர வழி வேணும். அந்த நசுங்கின பம்பருக்கு அடியில துளை இருக்கு, அதான் இன்னும் உறுதியா நிக்குது.”

வலது ஓரத்திலும் ஒன்று போட்டாள். பிறகு டிரில்லை அவரிடம் நீட்டினாள்.

“நடுவுல இன்னொண்ணு. நீங்களே போடுங்க.”

அவர் வாங்கினார். நடுவில் முனையை வைத்தார். அழுத்தவில்லை. அப்படியே நின்றார். வெளியே ஒரு ஜீப் மலைக்கு ஏறிப் போனது. அதன் சத்தம் ஓய்ந்த பிறகும் நின்றார்.

“இந்த இடந்தான்,” என்றார்.

“எந்த இடம்?”

“மரத்துல மோதுனது.”

அமலோற்பவம் பக்கத்திலிருந்த டயரில் உட்கார்ந்தாள்.

“மரம் வண்டி மேல விழலை தாயி. ஏற்கெனவே பாதையில கெடந்துச்சு. ரெண்டு ஆள் கட்டிப் பிடிக்கிற பலா. பொறுங்க, யாராச்சும் வருவாங்கன்னு அவ சொன்னா. நான் பொறுக்கலை. மோதித் தள்ளிரலாம்னு ஏத்துனேன். பம்பர் மடங்கி ரேடியேட்டருக்குள்ள போயிருச்சு.”

டிரில்லைக் கீழே வைத்தார்.

“அரைமணியில தோட்டத்து ஆளுக வாளோட வந்துட்டாங்க. மரத்தை அறுத்துப் பாதையைத் தொறந்துட்டாங்க. வண்டிதான் ஓடலை. கயித்துக் கட்டில்ல தூக்கிட்டு நடந்தோம். பாதி வழியில...” நிறுத்திக்கொண்டார். “மரம் விழுந்துச்சான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.”

கவிழ்ந்து கிடந்த பம்பரைப் பார்த்துக் கேட்டார்.

“அன்னைக்கு இந்தப் பம்பர் இருந்திருந்தா?”

“இதுவும் மடங்கியிருக்கும்ணே.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“மூணு வருஷத்துக்கு மேலா ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது?”

“ஒண்ணும் ஆகாதுண்ணே,” என்றாள் அமலோற்பவம். “இப்ப ரெண்டு பேருக்குத் தெரியும்.”

ஒச்சப்பன் டிரில்லை எடுத்து, நடுவில் வைத்து அழுத்தினார்.