குப்பைக்கூடைக்கு வைத்த பொட்டு

ஒரு நூல்மில்லில் பஞ்சுக் கூடத்துத் தூசியை உறிஞ்சும் ஃபேன் நின்று நாலு மாசமாச்சு. அங்கே வேலை பார்க்கிற பொம்பளைகளுக்கு இருமி இருமி நெஞ்செலும்பே நொந்துபோச்சு. நேரில் சொன்னால், "குறையை எழுதிப் பெட்டியில போடு" என்பார் மேனேஜர் கனகசபாபதி. பெட்டிச் சாவி அவரிடம். போட்ட கடுதாசியைக் கிழித்துத் தன் குப்பைக்கூடையில் போடுவார். இது எந்த ஊர் நியாயம்? அவர் அறையைப் பெருக்குகிற ஆவுடைத்தாய் மட்டும் அந்தத் துண்டுகளை ஒரு பையில் சேர்த்துவந்தாள்.

ஆயுத பூசைக்கு முதலாளி வருகிற அன்று மேனேஜர் சொன்னார்: "ஏ ஆவுடை, குறைப்பெட்டிக்குச் சந்தனம் வச்சு மாலை போடு. நீயா வாயைத் திறந்தே, நாளைக்கு வேலை கிடையாது."

முதலாளி வந்து பார்த்தால் பெட்டி மொட்டையாக நிற்கிறது. பக்கத்தில் மேனேஜருடைய குப்பைக்கூடை மாலையும் பொட்டுமாக ஜொலிக்கிறது.

"என்னம்மா, கூடைக்கா மாலை?"

"நீங்க கேக்கறதால சொல்றேன் மொதலாளி. உழைக்கிற சாமானுக்குத்தானே இன்னிக்குப் பொட்டு? பெட்டி ஒருநாளும் உழைக்கலை. எங்க குறையெல்லாம் வாங்கிக்கிட்டது இந்தக் கூடைதான்."

முதலாளி கூடைக்குள் கைவிட்டார். அத்தனையும் கிழிந்த கடுதாசி; பையில் சேர்த்ததையெல்லாம் ஆவுடை அதில் கொட்டி வைத்திருந்தாள்.

"மெஷினை ஓட விடுங்க. கனகசபாபதி, நீர் பஞ்சுக் கூடத்துல நின்னு இதையெல்லாம் ஒட்டவச்சு, சத்தமா வாசியும்" என்றார்.

மூணாவது கடுதாசி முடியுமுன்னே மேனேஜருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஃபேன் அன்று சாயங்காலமே சுற்றியது.