கேட்காமல் போன மூன்றாம் தடவை

குதிரைக்காரன் செங்கோடனுக்கு முதலில் கெடுதல் செய்தவன் துணி வெளுக்கும் பூவாண்டிதான். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இனிக் கதையைக் கேளுங்கள்.

எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், ரொம்பப் பழைய காலம். வறண்ட சீமை ஒன்றை ஒரு ராஜா ஆண்டுவந்தார். அங்கே யானையைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. ஒரு நாள் மலைநாட்டு ராஜா ஒரு யானையைப் பரிசாக அனுப்பினார். கூட்டிவந்த பாகன் அதைக் கட்டிப்போட்டுவிட்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிட்டான்.

ராஜா சபையைக் கூட்டினார்.

"செங்கோடா, அரண்மனைக் குதிரைகளை வளர்த்தவன் நீ. யானையையும் நீயே பார்த்துக்கொள்கிறாயா?"

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா பதவி கொடுத்தால் உடனே கை நீட்டக் கூடாது. முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால்தான் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் மரியாதை.

செங்கோடன் வெளியே எட்டிப் பார்த்தான். யானை ஒரு வேப்பங்கிளையை முறித்து விசிறிக்கொண்டிருந்தது. சட்டென்று இரண்டு அடி பின்னால் வந்தான். நல்லவேளை, வழக்கம் துணைக்கு இருந்தது.

"எனக்கு என்ன தெரியும் மகாராஜா? வேண்டாம்."

ராஜா மறுபடி கேட்டார்.

"வேண்டாம் மகாராஜா."

ராஜா மூன்றாம் தடவை வாயெடுத்தார். அதற்குள் வாசலில் துணிமூட்டையோடு நின்ற பூவாண்டி, "எனக்கும் ஒண்ணும் தெரியாது சாமி. ஆனா நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான்!

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

மறுநாள் பூவாண்டி ஒரு பை நிறையக் கொள்ளுப்பயறு எடுத்துப்போய், கழுதைக்குக் கட்டுவதுபோல யானையின் மூஞ்சியில் கட்டப் போனான். யானை பையைக் கூரைமேல் வீசியது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் செங்கோடன். "ஏண்டா, அடுத்து அதுமேல அழுக்குமூட்டை ஏத்துவியா?" என்று கேட்டான்.

பிறகு ஒரு நாள் யானை பூவாண்டியின் காலை மிதித்தது. அன்றைக்கும் செங்கோடன் சிரித்தான்.

பூவாண்டி நொண்டிக்கொண்டே சாலையில் போய் நின்றான். "ஐயா, உங்க ஊர்ல யானைக்கு என்ன போடுவாங்க?" என்று வருகிற போகிற வண்டிக்காரனையெல்லாம் வெட்கமில்லாமல் கேட்டான். கேட்டதைச் செய்துபார்த்தான். தழை போட்டான், குளத்தில் தேய்த்துக் குளிப்பாட்டினான். கொஞ்ச நாளில் யானை அவன் பின்னாலேயே நடந்தது.

அன்றைக்குச் செங்கோடன் சிரிக்கவில்லை.

திருவிழா ஊர்வலத்தில் யானை முன்னால் போனது. அதன்மேல் ராஜா, அதன் கழுத்தில் ராஜா கொடுத்த பட்டுத்துண்டோடு பூவாண்டி. எப்போதும் முதலில் போகிற குதிரைகள் பின்னால் போயின. யானை போட்ட லத்தியைத் தாண்டித் தாண்டி நடந்த செங்கோடனுக்கு வயிறு எரிந்தது. அது என் இடம், அது என் பட்டுத்துண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

அடுத்த மழைக்காலத்தில் பூவாண்டி அவன் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, இன்னொரு யானை வருது. நீ பாத்துக்கறியா? தெரிஞ்சத நான் சொல்லித் தர்றேன்."

செங்கோடன் மனசு துள்ளியது. ஆனால் நேற்று வரை துணி வெளுத்தவனிடம் பாடம் கேட்பதா? கேட்டும் தெரியாமல் விழித்தால் ஊர் சிரிக்காதா?

"எனக்கு எதுக்குடா?" என்றான்.

"அட, வாண்ணே."

"வேண்டாம்டா."

சொல்லிவிட்டு, மூன்றாம் தடவைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பூவாண்டிக்குச் சபை வழக்கம் என்ன தெரியும்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அவனுக்குத் தெரியும். "சரிண்ணே" என்று போய்விட்டான். அந்த யானைக்கு உப்பு விற்கிற மாரக்காள் சம்மதம் சொன்னாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

பூவாண்டி குறுக்கே பேசியது தப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. வழக்கப்படி பார்த்தால் ராஜா ஒரு தடவையும் பூவாண்டி ஒரு தடவையும் செங்கோடனைக் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி. அந்தக் கடனை இன்றுவரை யாரும் தீர்க்கவில்லை.

தெரியாத வேலை தேடி வரும்போது பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைக்காமல் முதல் தடவையே சரி என்று சொல்லிவிட வேண்டும் என்பதே இந்தக் கதையின் நீதி.