சத்திரத்து வாசலில் வாத்து ஏறிய கதை

வாத்துகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இங்கிலாந்து தேசத்தில் ஹேசல்கோம் என்றொரு சின்ன ஊர். அங்கே மூன்று பாதைகள் கூடும் முக்கில் ஒரு சத்திரம் இருந்தது. வழிப்போக்கர்கள் குதிரையைக் கட்டிவிட்டு, சாப்பிட்டு, படுத்து எழுந்து போகிற இடம். அதற்குப் பெயரும் கிடையாது, பலகையும் கிடையாது. எதற்கு? அதுதான் முக்கிலே வெள்ளைப் பெருவாத்து ஒன்று நின்றுகொண்டிருக்குமே!

"வாங்கய்யா, வாங்க! சூப்பு கொதிக்குது. நனைஞ்ச காலோட எங்கே போறீங்க? அந்தப் பக்கம் சதுப்பு, ஆளை முழுங்கிடும். இப்படித் திரும்புங்க!"

அது கூப்பிட்டால் மனுஷன் மட்டுமில்லை, குதிரையே திரும்பிவிடும். அப்படியொரு குரல்.

அந்த ஊரில் வழக்கம் ஒன்று உண்டு. சத்திரம் ஒரு குடும்பத்திடமிருந்து இன்னொரு குடும்பத்துக்குக் கைமாறுவது, அறுவடை முடிந்ததும் வரும் மிக்கேல் தேவதூதர் திருநாளன்றுதான். அதே திருநாளில்தான் வீட்டுக்கு வீடு வாத்து வறுப்பார்கள். இரண்டும் ஒரே நாளில் வந்ததுதான் வினை.

பழைய குடும்பம் அழுதுகொண்டே கிளம்பியது. பானை எங்கே, விறகு எங்கே, எந்தக் கதவு இடிக்கும் என்றெல்லாம் சொன்னவர்கள் வாத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார்கள். மனுஷ புத்தி!

புதிதாக வந்தவள் ஹெஸ்டர். அடுப்பு மூட்ட முன்னாடியே வந்துவிட்டாள். அவள் புருஷன் ஏமஸ் கட்டிலும் பெட்டியும் ஏற்றிய வண்டியோடு பின்னால் வந்துகொண்டிருந்தான். அடுக்களையில் கொழுத்த வாத்தைப் பார்த்ததும் ஹெஸ்டருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "எவ்வளவு நல்ல மனுஷங்க! நமக்காகத் திருநாள் வாத்தை விட்டுட்டுப் போயிருக்காங்களே!" என்று அதன் காலை மேஜைக் காலில் கட்டினாள்.

"அம்மா தாயே, நான் சமையலுக்கு இல்லை. நான் இந்தச் சத்திரத்தோட வாய்" என்றது வாத்து.

"மிக்கேல் திருநாளன்னைக்கு எந்த வாத்து தன்னைச் சமைக்கச் சொல்லியிருக்கு?" என்று சிரித்துக்கொண்டே ஹெஸ்டர் கத்தியைத் தீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. பட்டப்பகலில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. ஹெஸ்டர் கதவைத் திறந்து, "ஏங்க! ஏங்க!" என்று கத்திப் பார்த்தாள். அவள் குரல் வாசலைத் தாண்டவில்லை. ஏமஸுக்கு இந்தப் பாதை புதுசு. சதுப்பு எந்தப் பக்கம் என்றே தெரியாது.

"உன் புருஷன் பேர் என்ன?" என்று கேட்டது வாத்து. "கட்டை அவிழ்த்துவிடு. நான் கூப்பிடறேன்."

அவிழ்த்தால் பறந்துவிடுமே! ஹெஸ்டர் ஒரு கணம் அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு புருஷன் பேரையும் தன் பேரையும் சொல்லிவிட்டு, கயிற்றைக் கத்தியாலேயே அறுத்துவிட்டாள்.

வாத்து பறந்து போகவில்லை. நேரே முக்குக்குப் போய்க் கழுத்தை நீட்டியது. "ஏமஸ்! இடது பக்கம் சதுப்பு! வலது பக்கமா வா! ஹெஸ்டர் அடுப்பு மூட்டிட்டா, வா!" கத்தக் கத்தப் பனி அதன் தொண்டைக்குள் இறங்கியது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. கடைசியில் "க்வாங்! க்வாங்!" என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. அதையும் அது நிறுத்தவில்லை.

அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏமஸ் வந்து சேர்ந்தான். வண்டி சதுப்பில் சிக்கி உடைந்திருந்தது. குதிரையையும் வண்டியின் ஒரு பலகையையும் மட்டும் கொண்டுவந்தான். அவன் வந்தது பனியில் வாத்துக்குத் தெரியவில்லை. அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஹெஸ்டர் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டாரு, வாத்தம்மா! வந்துட்டாரு! போதும்!" என்று அழுதாள்.

தேன் காய்ச்சிக் கொடுத்தார்கள். கம்பளியைக் கழுத்தில் சுற்றினார்கள். பேச்சு திரும்பவே இல்லை. ஊர் வாத்துகள் கூடி, வாத்தம்மா பேசாத பேச்சு நமக்கு எதற்கு என்று அவையும் "க்வாங்" என்றே நிறுத்திக்கொண்டன. வாத்துகள் எதையும் கூட்டமாகத்தானே செய்யும்!

கூப்பிட ஆளில்லாததால் வழிப்போக்கர்கள் சத்திரத்தைத் தாண்டிப் போனார்கள். அடுப்பு சும்மா எரிந்தது. ஹெஸ்டர் வண்டிப் பலகையை எடுத்து, சுண்ணாம்பாலும் கரியாலும் வாத்தின் படத்தைத் தீட்டினாள்.

"கைப்பிடி வச்ச கூஜா மாதிரி இருக்கு" என்றான் ஏமஸ்.

"உங்களை யார் கேட்டா?" என்று ஹெஸ்டர் அதை முக்கில் தொங்கவிட்டாள். வாத்து கழுத்தைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தது. பிறகு போய் அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டது. "வாத்துப் படம் தொங்குற இடம்தானே?" என்று ஆட்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள்.

அதைப் பார்த்துத்தான் அந்தத் தேசத்துச் சத்திரங்களெல்லாம் குதிரை, கரடி, அன்னம் என்று வாசலில் படம் தொங்கவிட ஆரம்பித்தன. குடும்பங்கள் வரும், போகும். கட்டிலைக் கொண்டுபோவார்கள், பானையைக் கொண்டுபோவார்கள். பலகையை மட்டும் யாரும் கழற்றுவதில்லை. சாவி கொடுப்பதற்கு முன்னால் புதியவர்களை அதன் கீழே நிறுத்தி, "இதை முதல்ல தெரிஞ்சுக்கோங்க" என்பார்கள்.

வாத்து கண்ணை மூடிய பிறகும், பனிக்காற்றில் அந்தப் பலகை கிறீச்சிடும். கிழவியான ஹெஸ்டர் அடுக்களையில் இருந்தபடியே, "வந்துட்டாரு, வாத்தம்மா, வந்துட்டாரு" என்று பதில் சொல்வாளாம்.