வரிசையில் இல்லாத மாலை

சதாநந்த பண்டிதருக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ராஜசபையில், பூக்காரி சிட்டம்மாவைப் பார்த்து மார்தட்டினார்.

"மல்லியும் கனகாம்பரமும் கலந்து முடிவில்லாமல் நீளும் மாலைகள் அத்தனையையும் மனத்துக்குள் வரிசைப்படுத்திவிட்டேன். அதில் இல்லாத ஒரு மாலையைச் சொல்! இல்லாவிட்டால் கோயிலுக்குப் பூக்கட்டும் உன் வேலை என் மைத்துனனுக்கு!"

"முதல் மாலையில முதல் பூ என்னங்க ஐயா?"

"மல்லி."

"என்னுதுல கனகாம்பரம். ரெண்டாவதுல ரெண்டாவது பூ?"

"கனகாம்பரம்."

"என்னுதுல மல்லி. இப்படியே மூணாவதுல மூணாவது, நாலாவதுல நாலாவதுன்னு மாத்திக்கிட்டே போறேன். என் மாலை உங்க வரிசையில எத்தனையாவது?"

"நூறாவது!"

"அதுல நூறாவது பூவை மாத்தியிருப்பேனேய்யா?"

எத்தனையாவது என்று சொன்னாலும் அதே கதிதான் என்பது பண்டிதருக்குப் புரிந்துவிட்டது. ராஜா அவரை ஊரைவிட்டே துரத்தச் சொன்னார்.

சிட்டம்மா பதறிக் கும்பிட்டாள். "வேண்டாம் மகாராஜா! ஐயா வரிசையா அடுக்கிக் கொடுத்ததாலதானே எந்தப் பூவை மாத்தணும்னு எனக்குத் தெரிஞ்சுது? இந்த மாலையைக் கட்டி முடிச்சதும் அவர் கழுத்துலதான் போடுவேன்."

பண்டிதர் கண்கலங்கி, நன்றியோடு கழுத்தை நீட்டினார். இன்னும் நீட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.