பின்சக்கரத்தில் ஒரு ஊக்கு

"மேஸ்திரி, டேஷ்போர்டுல எரியுற இந்த பிரேக் எச்சரிக்கை லைட்டு என்னைப் பைத்தியமாக்கிடும் போலிருக்குங்க. ரெண்டு சென்சார் மாத்தியாச்சு. அணைய மாட்டேங்குது."

பொன்னுரங்கம் இதைச் சொன்னபோது அவர் பாதி உடம்பு காருக்கு அடியில் கிடந்தது.

ஸ்டெல்லா மேஸ்திரி டீயை உறிஞ்சியபடியே கேட்டார்.

"மிஷின்ல போட்டுப் பார்த்தீங்களாண்ணா? என்ன சொல்லுது?"

"பின்னால இடது சக்கரம் சுத்தவே இல்லைங்குதுங்க."

"சுத்துதா?"

"என்னங்க கேள்வி இது? சுத்தாமயா வண்டி இங்க வந்துச்சு?"

மேஸ்திரி இன்னொரு வாய் டீ உறிஞ்சினார். அது அவர் வழக்கம். கேட்டவன் உயிரை வாங்கும் வழக்கம்.

இந்த இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்தில் கார் பட்டறை வைத்திருக்கும் ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சிஷ்யர் பொன்னுரங்கத்துக்கோ தலை முழுக்க நரை. பாதி ஆயுள் லாரி ஓட்டி, முதுகு ஒத்துழைக்காமல் போனதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தவர்.

கெட்டிக்காரர். அது அவருக்கும் தெரியும். தொல்லையே அதுதான்.

காரின் சொந்தக்காரி தமயந்தி ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

"அண்ணா, எப்படியாச்சும் இன்னிக்கே அணைச்சுக் குடுத்துடுங்க. லைட்டு எரிஞ்சா விலை படியாதுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு."

மேஸ்திரி கிளாஸைக் கீழே வைத்தார்.

"வண்டியை விக்கிறீங்களா?"

"ஆமாங்கக்கா."

"அப்புறம் டூட்டிக்கு எதுல போவீங்க?"

"போகப் போறதில்லைக்கா. ராத்திரி பிரசவ கேஸ் வந்தா பஸ்ஸை நம்ப முடியுமா? அதனால வேலையையே விடச் சொல்லிட்டாங்க வீட்டுல."

"ஏன்?"

தமயந்தி குனிந்துகொண்டாள்.

"அன்னிக்கு மழை. மாமியாரைக் கூட்டிட்டு இறங்கிட்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவுல மாடு குறுக்க வந்துச்சு, பிரேக் போட்டேன். வண்டியோட பின்பக்கம் அப்படியே வழுக்கித் திரும்பிடுச்சுக்கா. தடுப்புச் சுவர்ல இடிச்சு நின்னுச்சு. அந்தப் பக்கம் பள்ளம். சுவர் மட்டும் இல்லைன்னா..."



"அடி பட்டுச்சா?"

"இல்லைக்கா. ஆனா அவங்களைக் கொல்லப் பார்த்தேன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லி அழுவுறாங்க. சாவியை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. இன்னிக்கு விக்கிறதுக்குன்னுதான் வெளிய எடுத்தாங்க. வண்டியைக்கூட பக்கத்து வீட்டுப் பையன்தான் ஓட்டிட்டு வந்து விட்டுட்டுப் போனான்."

"லைட்டு அதுக்கு முன்னாடியே எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதே. அண்ணாகிட்ட வந்து கேட்டேனே."

"என்ன சொன்னாரு?"

"என் மிதிதான் சரியில்லைன்னாரு. பொம்பளைங்க பதறிப் பதறி பிரேக்கை மிதிக்கிறதாலதான் சென்சார் போயிடுதாம். லைட்டைக் கண்டுக்காதீங்க, பழகிடும்னாரு."

காருக்கு அடியில் 'டங்'கென்று ஒரு சத்தம். பொன்னுரங்கத்தின் மண்டை.

மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் பட்டறையில் இப்படி ஒரு பேச்சு நடந்ததே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"அண்ணா. வெளிய வாங்க."

பொன்னுரங்கம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அப்படியா சொன்னீங்க?"

"அது... பொதுவா சொல்றதுதானுங்களே மேஸ்திரி."

"மிதிச்சா சென்சார் போகுமா?"

பொன்னுரங்கம் நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

போகாது. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் விரல் நீளத்துக்கு ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். சக்கரம் சுற்றுவதை எண்ணுவதுதான் அதன் வேலை. பிரேக் போடும்போது எந்தச் சக்கரமாவது சுற்றாமல் இறுகி வழுக்கினால், பிரேக்கைக் கொஞ்சம் விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லும் ஏற்பாடு அது. அந்த லைட்டு எரிந்தால் ஏற்பாடு மொத்தமும் படுத்துவிட்டது என்று அர்த்தம். அதைத்தான் இந்த மனுஷன் கண்டுக்காதீங்க என்று சொல்லி, ஒரு பெண்ணை மழையில் மலைக்கு அனுப்பியிருக்கிறார்.

"எப்போலேர்ந்து லைட்டு எரியுது?" என்று மேஸ்திரி தமயந்தியிடம் கேட்டார்.

"பின்சக்கரம் உறுமுதுன்னு அண்ணா பேரிங் மாத்தினாரே, அன்னியிலேர்ந்துதான்க்கா."

"பேரிங் புதுசுங்க மேஸ்திரி," என்றார் பொன்னுரங்கம் அவசரமாக. "என் கையாலயே இறக்கினேன். அதுல ஒரு குறையும் இருக்காது. எலி வயரைக் கடிச்சிருக்கும். இல்லைன்னா சென்சார் விக்கிறவன் பழசை பாலிஷ் போட்டுத் தள்ளியிருப்பான்."

"டிரம்மைக் கழட்டுங்க."

கழற்றினார். பின்சக்கரத்தின் பிரேக் டிரம், நடுவில் பேரிங்கோடு மேஜைக்கு வந்தது. சென்சாரைப் பார்த்து நிற்கும் உள்பக்கம் மேலே இருந்தது.

மேஸ்திரி தன் வளையலில் மாட்டியிருந்த சின்ன ஊக்கைக் கழற்றி நீட்டினார்.

"இதை பேரிங் மேல வைங்க."

"எதுக்குங்க?"

"வைங்கண்ணா."

பொன்னுரங்கம் டிரம்மை நிமிர்த்திப் பிடித்து, பேரிங்கின் முகத்தில் ஊக்கை வைத்தார். ஊக்கு கீழே விழுந்தது.

மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது.

பொன்னுரங்கம் துள்ளினார்.

"பார்த்தீங்களா மேஸ்திரி! பேரிங்கே டூப்ளிகேட்! இந்த மாதிரி பேரிங்ல ஒரு முகத்துல காந்த வளையம் இருக்கணும். அது சுத்துறதைப் பார்த்துத்தான் சென்சாரே எண்ணும். இதுல காந்தமே இல்லைங்க. கடைக்காரன் நம்ம தலையில மிளகாய் அரைச்சிட்டான். இப்பவே போயி அவன் சட்டையைப் பிடிக்கிறேன் பாருங்க."

மேஸ்திரி டிரம்மை மறுபக்கம் திருப்பினார்.

"வைங்க."

பொன்னுரங்கம் ஊக்கைக் கொண்டுபோனார். விரல் விடுவதற்குள் ஊக்கு தானாகவே போய் ஒட்டிக்கொண்டது.

விரலை எடுத்தார். ஊக்கு விழவில்லை.

டிரம்மை ஆட்டினார். விழவில்லை.

காந்தம் இருந்தது. சென்சார் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அது மறுபக்கம் இருந்தது. பேரிங் தலைகீழாக இறங்கியிருந்தது.

பொன்னுரங்கம் டிரம்மை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரமை பிடித்துவிட்டது மனுஷனுக்கு. மேஸ்திரி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கினார், குடிக்கவில்லை.

"எந்திரிங்கண்ணா. வேலை இருக்கு."

எழுந்தார். ஒரு தடவை கழற்றிய பேரிங் மறுபடி உதவாது என்பதால் புதுசு ஒன்று வந்தது. அதன் இரண்டு முகத்திலும் ஊக்கை வைத்துப் பார்த்தார். ஒட்டிய முகம் சென்சார் பக்கம் வரும்படி இறக்கினார். இறக்கிய பிறகும் வைத்துப் பார்த்தார். சாதாரணமாக வேலை செய்யும்போது அவருக்கு வாய் ஓயாது. அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை.

டிரம்மை மாட்டியதும், மூன்றாவதாக ஒரு புது சென்சாரைப் பிரிக்கப் போனார்.

மேஸ்திரி குப்பை டின்னுக்குள் கையை விட்டார். தேடினார். பொன்னுரங்கம் முதலில் கழற்றி எறிந்த சென்சாரை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"இதை மாட்டுங்க."

"அது செத்துப்போனதுங்க மேஸ்திரி."

"மாட்டுங்க."

மாட்டினார். மேஸ்திரியே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, பழைய கோளாறுப் பதிவை மிஷினில் அழித்துவிட்டு, ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். காலியான மண் தடத்தில் ஓங்கி ஒரு பிரேக் போட்டார். வண்டி நேராக நின்றது.

இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டார். தமயந்தி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். லைட்டு இல்லை.

"ஐயோ, அணைஞ்சிடுச்சு! அப்போ சென்சார்தானாக்கா கோளாறு?"

"அண்ணாகிட்ட கேளுங்க."

தமயந்தி அவர் பக்கம் திரும்பினாள்.

"சென்சார்தானாண்ணா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள். கார் விற்றுப்போயிருக்கும். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

பொன்னுரங்கம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இல்லம்மா," என்றார். "சென்சார் நல்லாத்தான் இருந்துச்சு. பேரிங்கைத் தலைகீழாப் போட்டது நான்தான். உங்க மிதியில ஒரு தப்பும் இல்லை. அன்னிக்கு வழுக்கினது என்னாலதான்."

தமயந்தி அப்படியே நின்றாள். கத்துவாள், அடிப்பாள் என்று பொன்னுரங்கம் எதிர்பார்த்தார். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"தினம் ராத்திரி படுத்துக்கிட்டு நினைச்சுப் பார்ப்பேண்ணா," என்றாள் கடைசியில். "காலை எப்படி வச்சேன், எப்படி மிதிச்சேன்னு."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை எங்க வீட்டுல வந்து சொல்லுவீங்களா?"

பொன்னுரங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வீட்டுலயா? உங்க மாமியார்கிட்டயா?"

"மாமியார்கிட்ட. வீட்டுக்காரர்கிட்ட. எல்லாரும் இருக்கும்போது."

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். ஏதாவது சொல்லிக் காப்பாற்ற மாட்டாரா என்று பார்த்தார்.

மேஸ்திரி சாவியை எடுத்துத் தமயந்தியின் கையில் வைத்தார். காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்கண்ணா. அவங்க ஓட்டுவாங்க."